உக்கிராணப் பொறுப்பு

அம்மாவின் குரல் என் போனில் இருக்கிறது. எல்லாம் மென்பொருள் சந்தேகங்கள். "பத்மா, 'பெண்டிங்'னு காட்டறது. யாருக்குப் பெண்டிங்? எனக்கா, அதுக்கா?" இன்னொன்று: "பத்மா, சேவ் ஆச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு சத்தமும் போடலையே." பாசமாகப் பேசிய பதிவு ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

போன மாசியில் அவள் இறந்தாள். காலையில் குளித்துவிட்டு வந்தவள் விழுந்தாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. பெயர் பார்வதம். ஊர் திருத்தணி. கடைசி ஆண்டுகளில் ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் சரக்குப் பொறுப்பாளர். அந்தப் பொறுப்பு அவளுக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். வேறு எதையும் இப்போது என்னால் வரிசையாக யோசிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் சமையல்காரர்கள். சிலர் மலைக்கோயில் மடப்பள்ளியில், சிலர் மலைக்குக் கீழே கல்யாணங்களில். அப்பா சுப்புரத்தினம் கல்யாணச் சமையல். அவர் இறந்தபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அப்பாவின் சித்தப்பா மகன் ஹரீஷ் அப்போதுதான் அரக்கோணம் சாலையில் ஒரு மண்டபம் கட்டியிருந்தார். எனக்கும் சித்தப்பா முறை. வீட்டுக்கு வந்து, "மன்னி, தனியா உக்காந்துண்டு சுவத்தைப் பாத்துண்டிருக்காதீங்கோ. உக்கிராணத்தைப் பாத்துக்கோங்கோ" என்றார். அம்மா மறுநாளே போய்விட்டாள்.

உக்கிராணம் என்பது கல்யாண மண்டபத்தில் மளிகையும் காய்கறியும் நெய்யும் எண்ணெயும் வைத்துப் பூட்டியிருக்கும் அறை. சமையல்கட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான் அளந்து போக வேண்டும். குறைவாகக் கொடுத்தால் சமையல்காரர் கத்துவார். அதிகமாகக் கொடுத்தால் முதலாளி கத்துவார். அம்மா இரண்டு பேரிடமும் பெரிதாகத் திட்டு வாங்கவில்லை.

ஆனால் அவள் அங்கே யார் என்று யாரும் சொன்னதில்லை. மாதக் கடைசியில் ஹரீஷ் சித்தப்பா ஒரு கவர் கொடுப்பார். தீபாவளிக்குப் புடவை. வெளியாட்கள் வந்து "இந்தம்மா யாரு?" என்று கேட்டால், "நம்ம மன்னி. ஒத்தாசைக்கு வந்திருக்கா" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அவர் உதவியில்தான் நான் படித்து முடித்தேன். அதை அம்மா எனக்கு அடிக்கடி நினைவூட்டுவாள். ஒருநாள் மட்டும், நான் கேட்காமலேயே, "வருஷக்கணக்கா ஒருத்தி ஒத்தாசையாவே இருப்பாளோ பத்மா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ரசத்தை இறக்கப் போனாள்.

சித்தப்பாவின் தொழில் வளர்ந்தது. இரண்டாவது மண்டபம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிபன் ஹோட்டல், மலைக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ். லாட்ஜில் அறை பதிய ஒரு மென்பொருள். ஹோட்டலில் பில் போட ஒரு மிஷின். ஆடிட்டருக்குத் தனிக் கணக்கு. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒரு மண்டபத்தில் தக்காளி அழுகிக்கொண்டிருக்கும். அதே காலையில் ஹோட்டல்காரர் மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொண்டிருப்பார். சித்தப்பா வெறுத்துப்போய், எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி என்ற மென்பொருள் ஒன்றைச் சென்னையில் ஒரு கம்பெனியிடம் வாங்கினார்.

நான் செய்யும் வேலையும் இதுதான். ஒரு நிறுவனத்தின் வாங்கல், சரக்கு, சம்பளம், கணக்கு எல்லாம் வேறு வேறு மென்பொருளில் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து வாங்க வழி செய்ய வேண்டும். தொழில்நுட்பம் அதில் பாதிகூட இல்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று ஊழியர்களைச் சொல்ல வைப்பதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

சென்னைக் கம்பெனி நவீன்குமாரை அனுப்பியது. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டிருக்கிறார்.

"ஸ்டோர் இன்சார்ஜ் பேரு சார்?"

"அனுராதான்னு போடுங்க. என் ஒய்ஃப்."

அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். "அனுராதா உக்கிராணத்துக்குள்ள போய் எத்தனை நாளாச்சு ஹரீஷ்? பெருங்காயம் எந்தப் பக்கம் இருக்குன்னு கேளு, சொல்றாளா பாப்போம்."

"பேருக்குத்தானே மன்னி. எடுத்துக் குடுக்கப் போறது நீங்கதானே?"

"எடுத்துக் குடுக்கறது நான். பேரு அவளுதா?"

நவீன்குமார் நடுவில் புகுந்தார். "சார், யார் குடுக்கறாங்களோ அவங்க பேர்தான் வரணும். தப்பு வந்தா யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளு. அதைத்தான் நானும் சொல்லிண்டிருக்கேன்" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்தார். பிறகு யோசித்தார். "சரி. வைகாசி முகூர்த்தம் முடியற வரைக்கும் உங்க பேர்லயே இருக்கட்டும். கணக்கு ஒழுங்கா முடிஞ்சா அப்படியே வெச்சுக்கலாம். இல்லேன்னா அனுராதா பேருக்கு மாத்திடுவேன். அப்பறம் என்னைக் கோச்சுக்கப்படாது."

"கோச்சுக்க மாட்டேன். மாத்தவும் விடமாட்டேன்."

பாத்திரப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மணியம்மை ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். பத்தாவது வரை படித்தவர். திரையில் வரும் ஆங்கிலத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது அவர்தான். மாவுக் கையோடு அம்மா டேப்லெட்டைத் தொட, அது அசையாமல் நிற்க, அவள் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பாளாம். "இன்னாம்மா, அடிப்புடிச்ச சட்டி மாதிரி தேய்ச்சிகினே கீறீங்க? வுட்டா சாம்பல் போட்டு வெளக்குவீங்க போல" என்று மணியம்மை கேலி செய்வார்.

கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு எண். பெரிய குடோனிலிருந்து அந்தக் கல்யாணத்தின் உக்கிராணத்துக்குச் சரக்கு வரும். சமையல்கட்டிலிருந்து கேட்பு வரும். கேட்டதைக் கொடுத்துப் பதிய வேண்டும். எல்லாம் முடிந்ததும் மிச்சத்தைக் குடோனுக்குத் திருப்ப வேண்டும். உக்கிராணத்தில் ஒவ்வொரு பொருளும் பூஜ்யம் ஆனால் கல்யாணத்தை முடிக்கலாம். முடித்தால் செலவு கணக்குக்குத் தானாகப் போகும். பார்ட்டிக்குப் பில் வரும்.

சித்திரை முகூர்த்தங்கள் போயின. ஒரு கல்யாணம்கூட முடியவில்லை.

பந்தி முடிந்தது, வாழை இலை வண்டி போனது, மாப்பிள்ளை வீடும் போனது. மென்பொருளில் மட்டும் எல்லாக் கல்யாணங்களும் நடந்துகொண்டே இருந்தன. பில் வரவில்லை. ஆபீஸ் பையன் ஜெயப்பிரகாஷ் கையால் எழுதிக் கொடுத்தான். ஆடிட்டர் போன் போட்டுக் கத்தினார். சித்தப்பா நவீன்குமாரிடம் கத்தினார். நவீன்குமார் உள்ளே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு கல்யாணத்திலும் மூன்று பொருள்கள் மிச்சம் நின்றன. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் உப்பு, ஒரு மஞ்சள் கிழங்கு.

அது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாண உக்கிராணத்தைத் துடைத்து எடுக்கக் கூடாது. அரிசியிலும் உப்பிலும் ஒரு கைப்பிடியை அடியில் விட வேண்டும், மஞ்சளில் ஒன்று. அடுத்த கல்யாணத்துச் சரக்கு வந்து அதன்மேல் விழும்வரை அது அங்கேயே இருக்கும். அப்பா அப்படித்தான் செய்தார். எங்கள் வீட்டில் அந்த மூன்று பொருளுக்கும் 'தீர்ந்துபோச்சு' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பிடியைச் சமையலுக்குக் கொடுத்ததாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அம்மா எழுதவில்லை. 'கைப்பிடி' என்ற அளவு மென்பொருளில் இல்லை என்று நவீன்குமார் சொன்னதும், விடப்போகிற பிடியைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் மிச்சம் என்று பதிந்திருக்கிறாள். வழக்கத்தையும் விடவில்லை, உண்மையையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்து மொத்த நிறுவனத்தின் கணக்கையும் பிடித்து நிறுத்திவிட்டன.

"சமையலுக்குப் போட்டேன்னு ஒரு வரி எழுதிடுங்கோ மன்னி" என்றார் சித்தப்பா.

"போடலையே."

"கழிவுன்னு ஒரு எண்ட்ரி இருக்கும்மா" என்றார் நவீன்குமார்.

"அரிசியையா கழிவுன்னு எழுதச் சொல்றே? உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு, அடிக்க வருவா."

அடுத்த கல்யாணத்தின் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். அதுதான் உண்மையில் நடப்பது. ஆனால் அடுத்த கல்யாணம் வரும்வரை இந்தக் கல்யாணம் காத்திருக்க வேண்டும். பார்ட்டி மறுநாளே பில் கேட்கும்.

எனக்குப் போன் வந்தது. விஷயத்தைக் கேட்டு, "ஒரு பிடி அரிசியில கம்பெனியையே நிறுத்தி வெச்சிருக்கே" என்றேன்.

"நிறுத்தணும்னா நிறுத்தினேன்? அது நிக்கறது."

"நான் லீவு போட்டுண்டு வரட்டுமா? நவீன்குமார்கிட்டப் பேசறேன்."

"வராதே. நீ வந்து சரி பண்ணினா, பொண்ணு பண்ணிக் குடுத்தான்னு ஆயிடும். அப்பறம் அதுவும் ஒத்தாசைதான்."

போகவில்லை. அடுத்து நடந்ததை மணியம்மையும் நவீன்குமாரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

வைகாசியில் ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து ஒரு கல்யாணம். தாலி கட்டு மலைமேல், சாப்பாடு கீழே எங்கள் மண்டபத்தில். மறுநாள் காலை பெண் வீட்டார் கிளம்பத் தயாராக வேன் நின்றது. பெண்ணின் மாமாவுக்குக் கையால் எழுதிய சீட்டு ஆகாது. "கம்ப்யூட்டர் பில்லு வந்தாத்தான் வண்டி எடுப்போம்" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா உக்கிராணத்துக்குள் வந்தார். பின்னாலேயே நவீன்குமார். அம்மா அரிசித் தொட்டி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் மணியம்மை அண்டா எண்ணிக்கொண்டிருந்தார்.

"மன்னி, அந்தப் பிடியை அள்ளிக் குடோன் மூட்டையில போடுங்கோ. இப்பவே."

"முடியாதுடா."

"அப்போ அனுராதா ஐடியில போய் நானே ஜீரோ அடிச்சுடறேன்."

"அடி. அடிச்சுட்டு இந்தச் சாவியையும் அவகிட்டயே குடுத்துடு." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கழற்றி வைத்திருந்த தொட்டி மூடிமேல் வைத்தாள்.

சித்தப்பா சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை. அம்மா அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

பெண்ணின் அம்மா வசந்தி கதவருகே வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். "என்னா சண்டைங்க? எங்க பில்லு ஏன் வர்ல?"

"உங்க பில்லு அந்த அரிசிக்கு அடியில மாட்டிகினு கீதும்மா" என்றார் மணியம்மை.

யாரும் சிரிக்கவில்லை. வசந்தி உள்ளே வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நவீன்குமார் விளக்கினார். அம்மா குறுக்கிட்டு இன்னொரு விதமாக விளக்கினாள். சித்தப்பா இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொன்னார். வசந்தி மூன்றையும் கேட்டுவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசினார்.

"அக்கா, இது எங்க கல்யாணத்துக்கு வாங்குன அரிசிதானே?"

"ஆமாம்."

"அப்போ எங்குளுது. என்கிட்ட குடுங்க."

"அதை எடுத்தா இந்தத் தொட்டி வெறுந்தொட்டி ஆயிடும்மா."

"இருக்கட்டுமே அக்கா. எங்க வீடு இப்போ எப்புடி இருக்கும்னு நெனைக்கிறீங்க? ஒரே பொண்ணு. அனுப்பிட்டுப் போறேன். போனதும் எங்க ரெண்டு பேருக்குத்தான் பொங்கணும். நேத்து வரைக்கும் ஊருக்கே பொங்குனது. இந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக்கிறேன்."

நவீன்குமார் மெல்ல, "அதுக்கு எண்ட்ரி இருக்கு சார். 'பார்ட்டிக்குக் கொடுத்தது'ன்னு. பட்சண பார்சலுக்காக வெச்சோம். அரிசிக்கும் எடுத்துக்கும்" என்றார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். மணியம்மை அவரைப் பார்த்துத் தலையை ஆட்ட, மூடிக்கொண்டார்.

அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. இது மென்பொருளில் சரி. பில் வரும், பெயர் நிலைக்கும். ஆனால் தொட்டியை அவள் கையாலேயே காலி செய்ய வேண்டும். அப்பா வீட்டில் யாரும் செய்யாதது. அவளுக்கு இருந்த கணக்கு அதுதான். என்னிடம் கேட்டிருந்தால், எந்த மிச்சத்துக்கும் ஒரு உரிமையாளர் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லும் வாக்கியம் அது. அவளுக்கு அது உதவியிருக்காது.

எழுந்தாள். ஒரு மஞ்சள் துணி எடுத்தாள். தொட்டிக்குள் கைவிட்டு அள்ளினாள். தகரத்தில் விரல் உரசிய சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம். உப்பைத் தனி முடிச்சாகக் கட்டினாள். மஞ்சளை அரிசியோடு வைத்தாள். வசந்தியின் முந்தானையில் இட்டாள். பிறகு டேப்லெட்டை எடுத்து, மணியம்மையைக் கூப்பிடாமல், தானே பதிந்தாள். மூன்று பொருளும் பூஜ்யம். வாசலில் பிரிண்டர் ஓடியது. மாமா நாற்காலியைவிட்டு எழுந்தார்.

வேன் போன பிறகு மணியம்மை, "இன்னாம்மா, மொகமே செரியில்ல?" என்று கேட்டிருக்கிறார்.

"மண்டபம் யார் குடியிருக்கற ஆமும் இல்லை மணி. சரக்கு வரும், போகும். அவா ஆத்துலதான் வெறுமையா இருக்கப்படாது." தொட்டியை மூடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவர் இருந்தா ஒத்துண்டிருப்பாரான்னு தெரியலை" என்றாளாம்.

அன்று எனக்கு வந்த பதிவில், "ஜீரோ போட்டுட்டேன்" என்று மட்டும் இருக்கிறது. ஜெயித்த குரல் இல்லை.

சித்திரைக் கல்யாணங்களின் பிடியெல்லாம் அடுத்தடுத்த கல்யாணத்துச் சரக்கோடு கலந்து சமையலுக்குப் போயிருந்தன. அவற்றை அப்படியே மாற்றம் என்று பதிந்து நவீன்குமார் ஒவ்வொன்றாக மூடினார். அந்த நாளுக்குப் பிறகு எந்தப் பார்ட்டி கிளம்பினாலும் பெண்ணின் அம்மா கையில் அம்மா முடிச்சைக் கொடுத்தாள். பொதட்டூர்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் ஒரு பெரியவர், "இது மலைக்கோயில் மடப்பள்ளியில காலங்காலமா இருக்கிற சம்பிரதாயம்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கியிருக்கிறார். இன்னொரு மண்டபத்துக்காரர் அதைத் தன் விளம்பரத்திலும் போட்டுவிட்டார். அம்மா எதையும் மறுக்கவில்லை. "சொல்லிண்டு போகட்டும். நல்லதுதானே" என்றாள்.

வைகாசி முடிந்தது. சித்தப்பா பெயரை மாற்றச் சொல்லவில்லை. மாற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கவர் மட்டும் சம்பளச் சீட்டானது, ஈஆர்பியிலிருந்து தானாக வந்தது. பெயருக்குக் கீழே பதவி இருந்தது. அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அவர் வாயால் சொல்லவில்லையே என்பது அவளுக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆடி மாதம் நடந்ததையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவின் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணியம்மை சொன்னார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்திய வாரம். ஊர் முழுக்கக் காவடி. ஹோட்டலுக்கும் லாட்ஜுக்கும் சரக்கு போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய் ஏஜெண்ட் தங்கவேல் புதிய ஆள். டின்களை இறக்கிவிட்டு, ரசீதில் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா வேகமாக உள்ளே வந்தார்.

"மன்னி, ஒரு டின் நெய் எடுத்துண்டு போறேன்."

"எந்தக் கணக்குக்கு?"

"ஆத்துக்கு. விருந்தாளி வந்திருக்கா."

"ஆத்துக்குன்னு ஒரு கணக்கு இதுல இல்லையே. கேட்பு போடு."

"என் கடை மன்னி. என் நெய்."

"யார் இல்லேன்னா? உன் கடை, உன் நெய். நாளைக்குக் குறைஞ்சா கேள்வி எனக்குன்னா வரும்?"

"அவசரம் மன்னி."

"அதான் போன் இருக்கே கையில. மணி, முதலாளிக்கு எங்க அமுக்கறதுன்னு காட்டு."

மணியம்மை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். சித்தப்பா முகம் சிவந்து நின்றார். தங்கவேல் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பா போனை எடுத்து அமுக்கினார். முதலில் தவறான பொருளைக் கேட்டுவிட்டார், டால்டா. ரத்து செய்து மறுபடியும் போட்டார். அம்மா தன் திரையில் கேட்பு வரும்வரை காத்திருந்து, படித்து, டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வெளியே வந்த சித்தப்பாவிடம் தங்கவேல் குரலைத் தாழ்த்தி, "யாருங்க இந்தம்மா? உங்களையே நிக்க வெச்சிட்டாங்க" என்றார்.

சித்தப்பா டின்னை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஸ்டோர் இன்சார்ஜ். கையெழுத்து அவங்ககிட்டதான் வாங்கணும். போங்க, அவங்க சொல்றபடி கேளுங்க."

உள்ளே கேட்டது என்றார் மணியம்மை. அம்மா தலை நிமிரவில்லை. தங்கவேலின் எண்ணெய் டின்களை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். நசுங்கியிருந்த ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போட்டாள்.